தலைவர்கள் ஆறு, இலக்கு ஒன்று: ககன்யான் திட்டத்தின் தொடர்ச்சி (2006–2025)

முன்னுரை

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டம் ஒரு தலைவரின் பதவிக்காலத்துக்குள் முடிவதில்லை. அமெரிக்காவில் அதிபர் புஷ் 2004இல் அறிவித்த நிலாத் திட்டமான கான்ஸ்டலேஷனை 2010இல் ஒபாமா அரசு கைவிட்டது. அதன் ஓரியன் விண்கலம் தப்பியது. இந்தியாவிலோ 2006 முதல் 2025 வரை இஸ்ரோவின் முழுநேரத் தலைவர்களாக ஆறு பேர் இருந்துள்ளனர். மனித விண்பயண இலக்கு அறுபடவில்லை. இதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்புதலுக்கு முன் (2006–2018)

ஜி. மாதவன் நாயர் தலைவராக இருந்தபோது, 2006 நவம்பரில் பெங்களூரில் கூடிய அறிவியலாளர்கள் இவ்விலக்கை ஆதரித்தனர். 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள மீட்புக் கலம் ஒன்று 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. வளிமண்டல வெப்பத்தைத் தாங்கித் திரும்பும் தொழில்நுட்பம் இதனால் கைவந்தது.

கே. ராதாகிருஷ்ணன் காலத்தில் முழுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிட்டவில்லை; அடிப்படைத் தொழில்நுட்பங்களை உருவாக்க மட்டும் நிதி கிடைத்தது. அதற்குள்ளேயே விண்வெளி வீரர்களுக்கான கலத்தின் மாதிரி உருவானது. 2014 டிசம்பர் 18 அன்று எல்.வி.எம்.3 ஏவூர்தி அதை 126 கி.மீ. உயரத்தில் விடுவித்தது. பாராசூட்டுகள் விரிய, அந்தமான் அருகே கடலில் இறங்கிய கலத்தைக் கடலோரக் காவல்படை மீட்டு எண்ணூருக்குக் கொண்டுவந்தது. அம்மாத இறுதியில் ராதாகிருஷ்ணன் ஓய்வுபெற்றார்.

அவருக்குப் பின் வந்த ஏ.எஸ். கிரண்குமாரின் காலத்தில் இத்துறையில் பேரறிவிப்பு ஏதும் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் கே. சிவன் பொறுப்பேற்று ஆறு மாதம் முடியும் முன்பே, ஜூலை 5 அன்று, ஆபத்து நேரத்தில் வீரர்களை ஏவுதளத்திலிருந்து விலக்கிக் காக்கும் அமைப்பு ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. சோதனை 259 விநாடிகளில் முடிந்தது. இத்தகைய அமைப்பை அரையாண்டில் உருவாக்கிவிட முடியாது. முந்தைய தலைவரின் காலத்தில் ஓசையின்றி நடந்த பணியே அன்று பலன் தந்தது.

ஒப்புதலுக்குப் பின்

2018 ஆகஸ்ட் 15 அன்று, 2022ஐக் கெடுவாக வைத்து, பிரதமர் ககன்யான் திட்டத்தை அறிவித்தார். டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மறு ஆண்டு ஜனவரியில் பெங்களூரில் மனித விண்பயண மையம் தொடங்கப்பட்டது. அந்தக் கெடு தவறியபோதும் சோதனைகள் நிற்கவில்லை. எஸ். சோமநாத் தலைமையில், 2023 அக்டோபர் 21 அன்று, பறக்கும் நிலையிலும் காப்பு அமைப்பு வென்றது. நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் ஏவூர்தியின் கிரையோஜெனிக் எஞ்சின் 39 முறை இயக்கப்பட்டது. மனிதப் பயணத் தகுதிக்கு 6,350 விநாடி இயக்கம் போதும். மொத்தம் 8,810 விநாடி இயக்கிப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் அத்தகுதி உறுதியானது. மனிதப் பயணத் தகுதிச் சான்று வாரியத்துக்குத் தலைமை தாங்கிய வி. நாராயணனே 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார்.

முடிவுரை

இவ்வரலாறு இரண்டு காரணங்களைக் காட்டுகிறது. பெரும் இலக்கு, தனித்தனியே முடிக்கத்தக்க சோதனைகளாகப் பகுக்கப்பட்டது. அதனால் ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடர முடிந்தது. இரண்டாவதாக, தலைவர்கள் ஆறு பேரும் இஸ்ரோ மையங்களை நடத்தித் தேர்ந்தவர்கள். பணியை முதலிலிருந்து கற்க வேண்டிய நிலை எவருக்கும் இல்லை. இம்முறையின் விலை காலதாமதம். முழு ஒப்புதலுக்கே பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

2035இல் விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்ற இலக்குகளை எட்டுவதற்குள் இன்னும் பல தலைவர்கள் மாறுவார்கள். ஆகவே நிதியைக் கெடு தேதிகளோடு மட்டும் கட்டிவிடாமல், அடுத்தடுத்த சோதனைகளுக்குத் தடையின்றி வழங்க அரசு முன்வர வேண்டும்.