ராஜா ராணிப் படங்கள்

வரலாற்றில் எங்கும் இல்லாத ஒரு நாடு, அதன் அரியணைக்கு நடக்கும் போட்டி, நடுவே ஒரு காதல், கடைசி ரீலில் கத்திச் சண்டை. இவற்றை வைத்து எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படங்களை ராஜா ராணிப் படங்கள் என்பர். 1940 தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை சேலம், கோயம்புத்தூர், சென்னை ஸ்டுடியோக்களில் இந்த வகை செழித்தது. சூழ்ச்சிக்கார ராஜகுரு, மாறுவேடம், இரட்டைப் பிறவி, பாதாளச் சிறை, விசுவாசமான தோழன் ஆகியவை இதன் மாறாத உறுப்புகள். காஞ்சிபுரத்துக்கு இவ்வகையின் வரலாற்றில் இடம் கிடைத்தது ஸ்டுடியோவால் அல்ல, அவ்வூர்க்காரர் சி.என். அண்ணாதுரையின் எழுத்தால். அந்த எழுத்து 1949இல் திரைக்கு வந்த பிறகு ராஜா ராணிப் படத்தில் வாளைவிட வசனத்துக்கே மதிப்பு கூடியது.

தோற்றம்

தெருக்கூத்தில் ராஜ வேடக்காரர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு, திரை விலகியதும் தாம் இன்ன நாட்டு மன்னன் என்று கட்டியங்காரனிடம் அறிவித்துக்கொள்வார். காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கூத்துக்குப் பேர்போன புரிசையும் காஞ்சிக்குத் தெற்கே, தொலைவில்லாத ஊர்தான். தமிழ்ப் படத்து மன்னர்கள் தர்பாருக்குள் நுழைந்ததும் தங்களைத் தாங்களே அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கம் இங்கிருந்து வந்தது.

கூத்து மன்னனுக்குப் பட்டும் ஜிகினாவும் மாட்டி மேடையேற்றியவை நாடகக் கம்பெனிகள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகர்கள் பிரிக்கப்பட்டார்கள். குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட் போய்விடும். குரலும் உடலும் வாய்த்தவர் ராஜபார்ட்டாக உயர்வார். பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் தேறியவர்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகம் பல கம்பெனிகளின் கையிருப்பில் இருந்தது. தாயின் மானத்துக்காகச் சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் இளவரசன் என்ற உருவத்தை அது தமிழ் மேடையில் நிலைநாட்டியது.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. ஆனால் அது பம்பாயில் எடுக்கப்பட்டது. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகே ஒலிப்படம் இங்கே எடுக்க முடிந்தது. முதல் சில ஆண்டுகள் புராணங்களே படமாயின. மக்களுக்குக் கதை தெரியும், பாட்டும் பாதி தெரியும், முதலாளிக்குக் கவலையில்லை. புராணக் கதைகள் திரும்பத் திரும்ப வந்து சலித்தபோது, அதே அரண்மனை செட்டையும் அதே கிரீடத்தையும் வைத்துக்கொண்டு புதுக் கதை சொல்லும் வழி தேவைப்பட்டது. அலெக்சாண்டர் டூமாவின் நாவல்களும், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், எரால் ஃபிளின் ஆகியோரின் வாள்வீச்சுப் படங்களும் அந்த இடத்தை நிரப்பின.

மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்' (1940) இவ்வகையின் முதல் முழு வடிவம். டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவி டி.ஆர். சுந்தரம் எடுத்தார். பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். 1958இல் இதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்த படம் பாட்டாலும் ஆடம்பரத்தாலும் முந்தியதை மறைத்துவிட்டாலும், இரட்டை வேடத்துக்கு இலக்கணம் வகுத்தது சின்னப்பாவே.

ஸ்டுடியோக்கள்

ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் என்றால் கேங்ஸ்டர் படம், யூனிவர்சல் என்றால் பேய்ப் படம், எம்.ஜி.எம். என்றால் ஆட்டபாட்டம் என்று இருந்ததைப் போலவே தமிழிலும் ஸ்டுடியோவின் பெயரே படத்தின் வகையைச் சொன்னது. பழைய படங்களை ஊன்றிப் பார்க்கும் ரசிகர்கள் இன்றும் இயக்குநரின் பெயரைச் சொல்வதில்லை. "அது மாடர்ன் தியேட்டர்ஸ் படம்", "ஜெமினி படம்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இது மிகச் சரியான பார்வை. கதை இலாகா, செட், கேமரா, லேப், மாதச் சம்பளத்து நடிகர்கள் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தபோது படத்தின் குணத்தை முதலாளிதான் தீர்மானித்தார்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் நூல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். ஆலையை நடத்தும் ஒழுங்கோடு ஸ்டுடியோவை நடத்தினார். 1937இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி, 1963இல் அவர் மறையும்வரை படங்கள் தடையின்றி வந்தன. எழுத்தாளர்களுக்கு மாதச் சம்பளம் தந்தார், மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். 'மந்திரி குமாரி' (1950), 'சர்வாதிகாரி' (1951), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை இங்கே உருவாயின.

ஜெமினியின் வழி வேறு. 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ்.எஸ். வாசன் 1941இல் ஸ்டுடியோவை வாங்கினார். 1948 ஏப்ரல் 9 அன்று வெளியான 'சந்திரலேகா'வுக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு உழைப்பும், அந்நாளில் கேள்விப்படாத 30 லட்சம் ரூபாய் செலவும் பிடித்தன. டி.ஜி. ராகவாச்சாரி இயக்கத் தொடங்கினாலும் படத்தை முடித்தவர் வாசன், ஆகவே அது வாசனின் படம். டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தார்கள். ரஞ்சன் வாள்வீச்சை முறையாகக் கற்றவர் என்பதால் இறுதிச் சண்டையில் பொய் தெரியாது. ஆளுயர முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆட, ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வரும் காட்சி தமிழ் ஸ்டுடியோ கலையின் உச்சம். ஏ.கே. சேகரின் கலை இயக்கம் அதில் பாதி. இதே ஸ்டுடியோ 'அபூர்வ சகோதரர்கள்' (1949), 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) ஆகியவற்றையும் தந்தது. பின்னதில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதும் போட்டி நடனத்துக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு.

கோயம்புத்தூரில் எம். சோமசுந்தரமும் எஸ்.கே. மொகிதீனும் நடத்திய ஜூபிடர் பிக்சர்ஸ் வசனத்தை நம்பியது. இளங்கோவன் எழுதிய 'கண்ணகி' (1942) அவர்கள் எடுத்ததே. எம்.ஜி.ஆரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'ராஜகுமாரி'யும் (1947) ஜூபிடர் படம்தான். இயக்கியவர் ஏ.எஸ்.ஏ. சாமி, வசனத்துக்கு உதவியாக இருந்தவர் இளைஞர் கருணாநிதி.

வகைப்பாடு

மன்னன் வரும் எல்லாப் படமும் ராஜா ராணிப் படம் ஆகாது. தெய்வம் நேரில் தோன்றிச் சிக்கலைத் தீர்த்தால் அது புராணப் படம். பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) எத்தனை அரண்மனைகளைக் காட்டினாலும் ராஜா ராணி வகையில் சேராது. ஏ.பி. நாகராஜனின் 'திருவருட்செல்வர்' (1967) பக்திப் படம். அதில் முதிய அப்பராக வந்த சிவாஜி கணேசன் தம் தோற்றத்தையும் அசைவையும் காஞ்சி மகா பெரியவரைப் பார்த்து அமைத்துக்கொண்டார் என்பதைக் காஞ்சி ரசிகர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

மந்திரவாதி ஜெயித்து ஜெயித்துத் தோற்றால் மாயாஜாலப் படம். கே.வி. ரெட்டியின் 'பாதாள பைரவி' (1951) முதல் பி. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) வரை நீளும் இந்த வரிசையைத் தனியாகவே வைக்க வேண்டும். அங்கே வாளுக்கு வேலை குறைவு, கேமரா தந்திரத்துக்கு வேலை அதிகம்.

உண்மையான மன்னன் வந்தால் சரித்திரப் படம். கல்கியின் நாவலை வைத்து எடுத்த 'பார்த்திபன் கனவு' (1960) இந்தப் பக்கம் சேரும். அதில் எஸ்.வி. ரங்காராவ் காஞ்சியின் நரசிம்மவர்மப் பல்லவனாக வந்தார். முகமூடி, மாறுவேடம், குதிரை எல்லாம் இருந்தும் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' (1954) ராஜா ராணி வகையில் வராது; அதில் அரசன் இல்லை, போலீஸ்தான் உண்டு.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது கற்பனை நாட்டுக் கதை. நாடு கற்பனையாக இருப்பதில்தான் இவ்வகையின் பலம். உண்மையான மன்னனைக் கெட்டவனாகக் காட்டினால் யாராவது கோபிப்பார்கள். இல்லாத நாட்டு ராஜகுருவை எப்படியும் காட்டலாம். தணிக்கை அதிகாரி கேட்டால், இது ஏதோ ஒரு காலத்துக் கதை என்று சொல்லிவிடலாம்.

காஞ்சிபுரத்தின் பங்கு

சி.என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பட்டுத்தறிச் சத்தம் ஓயாத இவ்வூரிலிருந்தே 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். நாடகங்கள் எழுதினார், தாமே வேடமும் கட்டினார். அவருடைய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் காகபட்டராக நடித்தார். மராட்டிய மன்னராக வந்த வி.சி. கணேசனுக்கு அந்த வேடத்தின் பெயரையே பெரியார் பட்டமாகத் தந்தார். தமிழின் மிகப் பெரிய ராஜபார்ட் நடிகரின் பெயர் ஒரு காஞ்சிக்காரரின் பேனாவிலிருந்து வந்தது.

அண்ணா என்று அழைக்கப்பட்ட அவர் எழுதிய 'வேலைக்காரி' (1949) ஜூபிடர் தயாரிப்பு, இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி. 'ராஜகுமாரி' எடுத்த அதே கம்பெனி, அதே இயக்குநர், இடைவெளி இரண்டே ஆண்டு. ஆனால் அரண்மனை போய்விட்டது. கொடுங்கோல் மன்னன் இருந்த இடத்தில் வேதாசல முதலியார் என்ற பணக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பழிவாங்க வரும் ஆனந்தன் வேறொருவனின் பெயரில் மாறுவேடம் போடுகிறான். அதுவும் டூமாவின் மான்டி கிறிஸ்டோ கதையின் சாயல்தான். தர்பார்க் காட்சிக்குப் பதில் நீதிமன்றக் காட்சி. ராஜா ராணிப் படத்தின் எந்திரத்தை அப்படியே கழற்றி வந்து நிகழ்காலத்தில் பூட்டியிருந்தார் அண்ணா. வாள் ஏந்த வேண்டிய இடத்தில் கே.ஆர். ராமசாமி பேசினார்.

இதற்கு முன்பே இளங்கோவன் வசனத்துக்குப் பெயர் வாங்கித் தந்திருந்தார். எனினும் வசனம் எழுதியவரின் பெயருக்காகவே கூட்டம் வந்தது அண்ணாவுக்குப் பிறகுதான். 'நல்லதம்பி' (1949), ஏ.வி.எம். எடுத்த 'ஓர் இரவு' (1951), அரசர் காலக் கதையான 'சொர்க்கவாசல்' (1954), 'ரங்கோன் ராதா' (1956) என்று அவர் கதைகள் தொடர்ந்து திரைக்கு வந்தன.

அண்ணா காலி செய்த அரண்மனைக்குள் கருணாநிதி பேச்சைக் கொண்டுபோனார். 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையின் ஒரு பகுதி. கள்வனான கணவனை மலை உச்சியிலிருந்து தள்ளும் பெண் அதன் நடுப்புள்ளி; மாதுரி தேவி அந்த வேடத்தில் வாழ்ந்தார். அப்பாவி மன்னனைச் சுற்றி ராஜகுரு பின்னும் சூழ்ச்சியை மக்கள் அன்றைய அரசியலோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1954இல் ஜூபிடர் 'மனோகரா'வைப் படமாக்கியபோது பம்மலாரின் நாடகம் கருணாநிதியின் வசனமாகி, சிவாஜியின் குரலில் ஊர் ஊராகப் பரவியது. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் அந்தத் தர்பார்க் காட்சியை ஒப்பிக்காத தலைமுறை அதற்குப் பின் சில காலம் இல்லை.

எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) இந்த வழியின் எல்லை. 'பிரிசனர் ஆஃப் ஜெண்டா' கதையைப் போல, மன்னனைப் போன்ற முகமுள்ள ஒரு சாதாரண மனிதன் அரியணையில் அமர்கிறான். ஆனால் இங்கே அவன் மக்களுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். 1963இல் மேகலா பிக்சர்ஸ் 'காஞ்சித் தலைவன்' எடுத்தது. கதை கருணாநிதி, இயக்கம் ஏ. காசிலிங்கம். எம்.ஜி.ஆர். பல்லவ மன்னனாகவும், எஸ்.ஏ. அசோகன் புலிகேசியாகவும் வந்தார்கள். மன்னன் உண்மையானவன் என்பதால் அது சரித்திரப் படமே. தலைப்போ அன்று உயிரோடு இருந்த காஞ்சித் தலைவரான அண்ணாவைக் குறித்தது. அந்த மன்னன் நரசிம்மவர்மன் வாதாபியை வென்ற நிகழ்ச்சி 642ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வழிமரபும் முடிசூட்டு விழாக்களும் போர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அரசர் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்வது இவ்வூருக்கு 8ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த கலை.

 

ரசிகர்களும் பதிவாளர்களும்

இவ்வகைப் படங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது ரசிகர்களின் நினைவு. 'பேசும் படம்' இதழும், பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி'யும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அவர்களுடைய ஆவணங்கள். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும், முடிவு மட்டும் இருக்காது. மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். 'நாடோடி மன்னன்' காலத்திலிருந்து பத்திரிகைத் தொடர்பாளராக இருந்த பிலிம் நியூஸ் ஆனந்தன், படத்தின் பெயர், கம்பெனி, வெளியான நாள், நடிகர்கள் என்று வாழ்நாள் முழுக்கத் திரட்டினார். அவரும் (மறைவு 2016), பழைய படங்களைப் பற்றி இடைவிடாது எழுதிய ராண்டார் கையும் (மறைவு 2023) இல்லாவிட்டால் பிரதி அழிந்துபோன எத்தனையோ படங்கள் பெயரும் இல்லாமல் போயிருக்கும். படச்சுருளைக் காக்கத் தவறிய ஒரு தொழிலுக்கு இவர்கள் செய்த தொண்டு பெரிது.

ரசிகர்களின் வாதங்கள் பெரும்பாலும் ஒப்பீடுகள். எம்.கே. தியாகராஜ பாகவதரா சின்னப்பாவா, 1940 'உத்தம புத்திர'னா 1958 'உத்தம புத்திர'னா, நம்பியாரின் ராஜகுருவா பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பா என்று போகும். வில்லனைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். அது நியாயமும்கூட, ஏனென்றால் கதையை நடத்துபவன் அவன்தான்.

பிற்காலம்

நட்சத்திரங்களின் சம்பளம் உயர்ந்தது, தனித் தயாரிப்பாளர்கள் பெருகினர், சமூகப் படங்கள் குறைந்த செலவில் ஓடின. மாதச் சம்பள முறை குலைந்ததும் அரண்மனை செட் போடும் வசதி போயிற்று. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) கடைசிப் பெரும் வெற்றிகளில் ஒன்று. 2014இல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) இவ்வகையைக் கேலியாக்கிப் புதுப்பித்தது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த 'பொன்னியின் செல்வன்' படங்கள் சரித்திரப் பிரிவைச் சேர்ந்தவை.