ஸ்கின்னர் கொடுத்த மனு

கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தபோது எங்களுக்கு இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. அதை எழுதியவர்கள் இதைப் படிப்பவர்களில் இன்னும் சிலர் இருப்பீர்கள். மேக்னா கார்ட்டா, 1628-ஆம் ஆண்டின் உரிமை மனு, முதலாம் சார்லஸின் தலை, 1688-ஆம் ஆண்டுப் புரட்சி என்று வரிசையாக வரும். 'சிறுகுறிப்பு வரைக' பகுதியில் ஸ்கின்னர் வழக்கும் உண்டு. விடையை மனப்பாடமாக வைத்திருந்தோம். தாமஸ் ஸ்கின்னர் என்ற வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனி மீது கொடுத்த புகாரைப் பிரபுக்கள் சபை நேரடியாக விசாரித்தது; காமன்ஸ் சபை ஆட்சேபித்தது; அதற்குப் பிறகு பிரபுக்கள் சபை அப்படி நேரடியாக உரிமை வழக்குகளை எடுப்பதில்லை. நானும் இதைத்தான் எழுதினேன். ஐந்துக்கு நாலு கிடைத்தது.

அந்த ஸ்கின்னருக்குக் கடைசியில் பணம் கிடைத்ததா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முப்பத்து மூன்று வருடம் வருவாய்த் துறையில் இருந்து, அதில் பாதியை மனுக்களோடு கழித்து, ஓய்வும் பெற்ற பிறகுதான் தோன்றியது. தேடிப் படித்தேன். படித்ததை எழுதிவிடுகிறேன்.

அந்த நூற்றாண்டின் பாராளுமன்றம் என்றால் அரசரோடு மல்லுக்கு நின்ற சபை என்பதுதான் நம் நினைவு. ஆனால் மல்லுக்கட்டாத நாட்கள் நிறைய. காமன்ஸ் சபை செயிண்ட் ஸ்டீபன் என்ற பழைய சிற்றாலயத்தில் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்து நடந்தது. காலையில் பிரார்த்தனை, பிறகு மசோதாக்கள். அச்சடித்த பிரதி யார் கையிலும் இருக்காது. கிளார்க் நின்று உரக்க வாசிப்பார், மற்றவர்கள் காதால் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது தொப்பி போட்டுக்கொள்ளலாம், பேச எழுந்தால் கழற்ற வேண்டும். இருட்டிவிட்டால் மெழுகுவர்த்தி கொண்டுவருவதற்குக்கூட சபையின் உத்தரவு வேண்டும்! வேலையும் பெரும்பாலும் நம் அலுவலக வேலை போலத்தான். வெளிநாட்டில் பிறந்த ஒருவருக்குக் குடியுரிமை, கடனில் மூழ்கிய குடும்பம் நிலத்தை விற்க அனுமதி, சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடிப்பது, துணி வியாபாரிகளின் தகராறு. தனிப்பட்டவருக்கான மசோதா என்றால் சபாநாயகருக்கும் கிளார்க்குக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். லஞ்சம் அல்ல, முறையான கட்டணம்.

இவற்றுக்கெல்லாம் முதல் காகிதம் மனுதான். 1621-ல் பிரபுக்கள் சபை, நெடுங்காலமாகச் செலுத்தாமல் விட்டிருந்த விசாரணை அதிகாரத்தை மறுபடி கையில் எடுத்தது. செய்தி பரவியதும் கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றவர்கள், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்கள், பெரிய மனிதர்களால் நிலத்தை இழந்தவர்கள் எல்லாரும் அங்கே வர ஆரம்பித்தார்கள். மனுக்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது. மனுவுக்கு ஒரு வடிவமும் இருந்தது. 'இன்னாரின் தாழ்மையான மனு' என்று தொடங்கி, தமக்கு நேர்ந்ததைச் சொல்லி, கடைசியில் 'மனுதாரர் என்றென்றும் பிரார்த்தித்துக்கொண்டிருப்பார்' என்று முடியும். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்த பெரியவர்கள் 'ஐ ஷால் எவர் ப்ரே' என்றுதான் ஆங்கில மனுவை முடிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

1640-ல் கூடிய நெடும் பாராளுமன்றத்தின் காலத்தில் மனுக்கள் வெள்ளமாக வந்தன. பிஷப்புகளே வேண்டாம் என்று லண்டன்வாசிகள் பதினைந்தாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு ரொம்பப் பிரசித்தம். 1642 பிப்ரவரியில் ஆன் ஸ்டாக் என்ற, பீர் காய்ச்சுபவர் ஒருவரின் மனைவி, பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தார். பெரிய தலைவரான ஜான் பிம் வாசலுக்கே வந்து நன்றி சொல்லி, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார். ஏழு வருடம் கழித்து, 1649-ல், சிறையில் இருந்த லெவலர் தலைவர்களை விடுவிக்கக் கேட்டுப் பெண்கள் போனபோது அந்த மரியாதை இல்லை. உங்கள் புருஷர்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள் என்ற மாதிரியான பதில்தான் கிடைத்தது. மன்னராட்சி திரும்பியதும் 1661-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்: நாட்டு விவகாரம் பற்றிய மனுவில் முன்அனுமதி இல்லாமல் இருபது பேருக்கு மேல் கையெழுத்துச் சேர்க்கக் கூடாது, பத்துப் பேருக்கு மேல் திரண்டு போய்க் கொடுக்கக் கூடாது.

ஸ்கின்னர் தனி ஆள். அதனால் இந்தச் சட்டம் அவரைத் தொடவில்லை.

1657-ல், கிழக்கத்திய வியாபாரம் ஏறக்குறைய எல்லாருக்கும் திறந்துகிடந்த சமயத்தில், அவர் ஒரு கப்பலைத் தயார் செய்துகொண்டு கிளம்பினார். அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள், அதே ஆண்டு அக்டோபரில், க்ராம்வெல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புதிய சாசனம் கொடுத்துவிட்டார். ஸ்கின்னர் போனது சுமத்ராவில் இருக்கும் ஜாம்பிக்கு. மிளகு விளையும் நாடு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மலையூர் இந்தப் பக்கம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வார்கள். அங்கே அவருக்கு ஒரு வீடு இருந்தது. ஜாம்பி அரசரிடமிருந்து பரெல்லா என்ற ஒரு சிறு தீவையும் வாங்கியிருந்தார். கம்பெனியின் ஆட்கள் கப்பலையும் சரக்கையும் பறித்தார்கள், ஆளை அடித்தார்கள், வீட்டையும் தீவையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பத் தங்கள் கப்பலில் இடம் கொடுக்கவும் மறுத்தார்கள். மனிதர் தரைவழியாக ஐரோப்பாவுக்குப் போனார். சுமத்ராவிலிருந்து தரைவழி என்றால் எத்தனை பாலைவனம், எத்தனை சுங்கச்சாவடி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து அரசரிடம் மனு மேல் மனுவாகக் கொடுத்தார். 1666-ல் இரண்டாம் சார்லஸ் அதைத் தம் ஆலோசனைச் சபையின் ஒரு குழுவிடம் அனுப்பினார். நம் தாத்தாக்கள் காலத்தில் இங்கிருந்து கடைசி அப்பீல் போன பிரிவி கவுன்சில்தான் இந்தச் சபை. கான்டர்பரி ஆர்ச்பிஷப்பே அந்தக் குழுவில் இருந்தார். கம்பெனியைச் சமரசத்துக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி மசியவில்லை. 1667 ஜனவரியில் அரசர் விஷயத்தைப் பிரபுக்கள் சபைக்குத் தள்ளினார்.

பிரபுக்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். கம்பெனியின் பதில், 'எடுத்தோம், எடுக்கவில்லை' என்பதல்ல. 'எங்களை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. இது முதலில் கீழ்க்கோர்ட்டுக்குப் போக வேண்டிய வழக்கு' என்பதுதான். பிரபுக்கள் நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டார்கள். நீதிபதிகள் சொன்ன பதிலில்தான் இந்த வழக்கின் முடிச்சு இருக்கிறது. கப்பல், சரக்கு, அடிதடி இவற்றுக்குச் சாதாரண கோர்ட்டில் பரிகாரம் உண்டு. கடல் கடந்த இடத்தில் பறிக்கப்பட்ட வீட்டுக்கும் தீவுக்கும் அங்கே பரிகாரம் கிடையாது. அதாவது ஸ்கின்னரின் இழப்பில் ஒரு பங்கைக் கேட்க இங்கிலாந்தில் வேறு வாசலே இல்லை.

1668-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: கம்பெனி ஸ்கின்னருக்கு 5,000 பவுன் கொடுக்க வேண்டும். டைரி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அப்போது கடற்படை அலுவலகத்தில் நல்ல பதவியில் இருந்தவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 350 பவுன். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (அதே 1668 மார்ச்சில் பீப்ஸ் கடற்படைக்காக காமன்ஸ் சபை முன் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார். போவதற்கு முன் தைரியத்துக்கு ஒயினும் பிராந்தியும் போட்டுக்கொண்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கம்பெனியும் ஒரு மனு எழுதியது, காமன்ஸ் சபைக்கு! பிரபுக்கள் சபையே முதல் கோர்ட்டாக இருந்துவிட்டால் எங்களுக்கு அப்பீல் செய்ய இடம் எங்கே என்பது அவர்கள் வாதம். யோசித்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காமன்ஸ் சபைக்காரர்கள் கம்பெனி மேல் பிரியம் வைத்து இதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பிரபு அல்லாத எவனையும் சாதாரணச் சட்டப்படி கோர்ட்டில்தான் விசாரிக்க வேண்டும், பிரபுக்கள் இஷ்டத்துக்குக் கூப்பிட்டு அபராதம் போடக் கூடாது என்பது அவர்களுக்குக் கொள்கைப் பிரச்சினை. உள்நாட்டுப் போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகாத நாடு அது. பயம் நியாயமானதுதான். மே மாதம் தீர்மானம் போட்டார்கள்: பிரபுக்கள் செய்தது சட்டவிரோதம். ஸ்கின்னரைக் காவலில் வைத்தார்கள்.

வழக்கில் ஜெயித்தவர் காவலில். பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? கம்பெனியின் மனுவை அவதூறுக் காகிதம் என்று அறிவித்து, கம்பெனியின் துணை கவர்னர் சர் சாமுவேல் பர்னாடிஸ்டனுக்கு 300 பவுன் அபராதம் போட்டார்கள். அவர் கட்ட மறுத்ததால், கறுப்புத் தடி பிடித்த அதிகாரியின் காவலில் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆகஸ்டில்தான் பர்னாடிஸ்டன் வெளியே வந்தார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆகஸ்ட் வரை கம்பெனியின் சொந்தக் கோட்டையே அதன் கையில் இல்லை. சென்னைப் பட்டணத்தில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையை, பதவி பறிக்கப்பட்ட சர் எட்வர்டு வின்டர் 1665-ல் கைப்பற்றி, புதிய அதிகாரியான ஃபாக்ஸ்கிராஃப்டைச் சிறையில் தள்ளி, மூன்று வருடம் ஆண்டுகொண்டிருந்தார். பிடுங்குவது கம்பெனிக்காரர்களுக்குள்ளேயே பழக்கம் போலிருக்கிறது.

1669-ல் பாராளுமன்றம் மறுபடி கூடியபோது சண்டையும் மறுபடி கூடியது. இரு சபைகளும் ஒன்றை ஒன்று கண்டிப்பதிலேயே நாட்கள் போயின. அரசருக்குப் பணம் தேவை. பணத்தை ஒதுக்க வேண்டிய சபை இதில் மாட்டிக்கொண்டிருந்தது. டிசம்பரில் கூட்டத்தொடரை முடித்துவைத்தார். 1670 பிப்ரவரியில் இரு சபையாரையும் வொயிட்ஹால் அரண்மனைக்கு அழைத்து ஒரு யோசனை சொன்னார். இந்த விவகாரம் பற்றி இரண்டு சபைகளின் ஏடுகளிலும் உள்ளதையெல்லாம் அழித்துவிடுங்கள், நானும் என் பக்கத்தில் அழிக்கச் சொல்கிறேன். இருவருக்கும் இது பிடித்துப்போயிற்று. காமன்ஸ் சபையார் ஒட்டுமொத்தமாகப் போய் அரசருக்கு நன்றி சொன்னார்கள். ஏடுகளில் அழித்தார்கள்.

அழித்ததோடு தீர்ப்பும் போயிற்று. 5,000 பவுனில் ஒரு பென்னிகூட ஸ்கின்னருக்கு வரவில்லை.

பதிவேட்டில் ஒரு எழுத்தைச் சுரண்டினாலே எங்களுக்கு மெமோ வரும். தவறாக எழுதிவிட்டால் படிக்கும்படியாகக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஸ்கின்னரின் காரியம் கெட்டது அழித்த அன்றைக்கு அல்ல. அலுவலகக் கடிதத்தில் மேலே 'பொருள்' என்று ஒரு வரி உண்டல்லவா? அவர் மனு கொடுத்தபோது பொருள், ஜாம்பியில் பறிபோன வீடும் தீவும். 1667-லேயே அது மாறிவிட்டது. பொருள்: விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு? அதன்பிறகு பேசிய எல்லாரும் கெட்டிக்காரர்கள், பாதிப்பேர் நல்லவர்கள். பேசியதெல்லாம் புதிய பொருளைப் பற்றி.

இதை நான் மேலே நின்று சொல்லவில்லை. நான் உதவியாளராக இருந்த ஒரு அலுவலகத்துக்கு மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் வருவார். அவர் வீடு கட்டியிருந்த இடம் எந்தத் துறையின் புறம்போக்கு என்பதில் சிக்கல். அவர் கேட்டது பட்டா. 'இப்பொருள் இவ்வலுவலகம் தொடர்பானதல்ல' என்று குறிப்பெழுதி இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்களும் அதே வரியை எழுதித் திருப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் 'நகல்: மனுதாரருக்குத் தகவலுக்காக' என்று போட்டோம். அத்தனை நகலையும் அவர் அந்தப் பையில் அடுக்கி வைத்திருந்தார். விதிப்படி நான் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. தணிக்கையிலும் யாரும் கேட்கவில்லை. பிறகு எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

1834 அக்டோபரில் பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்ததால் வந்த வினை. காமன்ஸ் சபையின் பழைய காகிதங்களில் பெரும்பகுதி போயிற்று. பிரபுக்கள் சபைக்கு வந்த மனுக்களும் ஏடுகளும் சற்றுத் தள்ளி ஜூவல் டவர் என்ற கல் கோபுரத்தில் இருந்ததால் தப்பின. கடன்காரர்களும் விதவைகளும் மாலுமிகளும் எழுதிக்கொடுத்த தாள்களை இன்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

போன வாரம் காலை நடையில், தபால் பிரிவில் என்னோடு வேலை பார்த்த நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த அஞ்சாயிரம்?" என்றார்.

"வரலை சார்."

"அப்பீல் போகலையா?"

"பிரபுக்கள் சபைக்கு மேலே எங்கே சார் அப்பீல்?" என்றேன்.