நீளும் கையின் கதை

பேரன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு மொட்டைத்தலை ஆசாமி. கழுத்தில் மண்டையோட்டு மாலை. நின்ற இடத்திலிருந்தே அவர் கை நீண்டு போய் எதிராளியைக் குத்துகிறது. "தாத்தா, இவரு நம்மூர் ஆளா?" என்றான். 1991இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டின் தால்சிம் அவர். இந்திய யோகியாம்!

கை நீளும் வேடிக்கை அதற்கு வெகு முந்தியது. 1920களின் அமெரிக்கக் கார்ட்டூன்களில் முழங்கையும் முழங்காலும் கிடையாது. கைகால்கள் ரப்பர் குழாய் மாதிரி வளையும். ஆயிரக்கணக்கான படங்களைக் கையாலேயே வரைந்து தள்ளிய காலமில்லையா, மூட்டில்லாத கோடு போடுவது சுலபம். அந்தச் சௌகரியமே சிரிப்பாயிற்று. 1919இல் வந்த ஃபீலிக்ஸ் பூனை, 1928இன் மிக்கி எலி எல்லாம் அந்த வம்சந்தான். 1930களில் டிஸ்னி நிஜ உடலமைப்பைத் தேடிப் போனதும் பாணி மங்கியது. ஆனால் 1941இல் ஜாக் கோல் வரைந்த 'பிளாஸ்டிக் மேன்' காமிக்ஸில் வேடிக்கை பிழைத்துக்கொண்டது.

பூனை கை நீட்டினால் அது எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. யோகி நீட்டினால் அது இந்தியாவின் மர்மமாகிவிடுகிறது. 1976இல் ஜிம்மி வாங் யூ இயக்கிய குங்ஃபூ படத்திலேயே கை நீளும் இந்திய யோகி வந்துவிட்டார். யோகாசனம் உடம்பை வளைக்கும், எலும்பை நீட்டாது. பேரனிடம் அதைத்தான் சொன்னேன்.

"அப்போ இவரு யாரு?"

"இந்தியான்னா இப்படித்தான்னு யாரோ நெனச்சு வரைஞ்சது."

"சரி" என்று சொல்லி, மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தான்.