சன் தொலைக்காட்சிக் குழுமமும் பாலக்காடு–இடுக்கி எல்லைத் தமிழரும்

சன் தொலைக்காட்சிக் குழுமம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் வணிகத் தொலைக்காட்சி நிறுவனம். முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் 1993 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், தொடங்கிய சன் டிவி இதன் முதல் அலைவரிசை. பின்னர் கன்னடம், தெலுங்கு, மலையாளம், வங்காளம், மராத்தி ஆகிய மொழிகளிலும் இது அலைவரிசைகளைத் தொடங்கியது. இக்கட்டுரை குழுமத்தின் வரலாற்றைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு எல்லையில் நின்று பார்க்கிறது. சென்னையை மையமாக வைத்து எழுதப்படும் ஊடக வரலாறுகளில் இந்த எல்லைக்கு இடம் கிடைப்பதில்லை. மாநிலக் கோட்டைத் தாண்டிய முதல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஒன்று அந்தக் கோட்டுக்கு அப்பால் வாழ்ந்த தமிழருக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்பதை இங்கிருந்துதான் தெளிவாகக் காண முடிகிறது.

நிலமும் மக்களும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. பழைய கொச்சி அரசின் சித்தூர் தாலுகாவும் கேரளத்துக்கே போயிற்று. தெற்கே தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் கிடைத்தன. தேயிலை மலைகள் கிடைக்கவில்லை. அவை 1972 ஜனவரி 26 அன்று உருவான இடுக்கி மாவட்டத்தில் அடங்கின.

இவ்வாறு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் போன்ற சமவெளி ஊர்களிலும், மூணாறு, மறையூர், வட்டவடை, சூரியநெல்லி, வண்டிப்பெரியாறு, குமுளி போன்ற மலை ஊர்களிலும் தமிழர் கேரளக் குடிமக்களாக வாழ்கிறார்கள். இந்த இரண்டு பகுதிகளையும் ஒன்றாக எண்ணக் கூடாது. சித்தூர்ப் பக்கத்தவர் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே உழவு செய்பவர்கள். சந்தைக்குப் பொள்ளாச்சியும் மருத்துவத்துக்குக் கோயம்புத்தூரும் கூப்பிடு தூரம். மலைத் தோட்டங்களில் இருப்பவர்களோ திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளில் குடியிருப்பு, காலையில் கொழுந்து பறிப்பு, சொந்த ஊருக்குப் போக ஒரு நாள் பயணம் என்பது அவர்கள் வாழ்க்கை. தொலைக்காட்சி இந்த இரு கூட்டத்தாருக்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்தது.

ஆண்டெனாக் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரியில் முறையாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் எல்லைப்புற வீடுகளில் எந்த மொழி தெரியும் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கவில்லை, மலை தீர்மானித்தது. தரைவழி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் மறைந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்பதால், கிழக்கிலிருந்து வரும் காற்றும் வெயிலும் போலவே தமிழ் அலைகளும் அந்தச் சமவெளிக்குள் தடையின்றி நுழைய முடிந்தது.

இடுக்கியில் நிலைமை வேறு. அங்கே உயரமே சாதகமும் பாதகமும். கொடைக்கானல் மலையில் அமைந்த தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் தென்தமிழகத்துக்காக நிறுவப்பட்டது. அதன் எல்லைக்குள் கிழக்கு நோக்கிய சரிவுகளும் முகடுகளும் அடங்கின. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் மறைவிலும் பள்ளத்தாக்குகளின் அடியிலும் இருந்த லயங்களுக்குத் திரையில் புள்ளிமழைதான். உயரமான கம்பத்தில் ஆண்டெனா, அதற்கொரு பூஸ்டர், திருப்புவதற்கு ஒருவர், 'தெரியுது, தெரியுது' என்று உள்ளிருந்து கத்த இன்னொருவர் என்ற ஏற்பாட்டில்தான் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியும் ஞாயிற்றுக்கிழமைப் படமும் பார்க்கப்பட்டன. பல லயங்களுக்கு ஒரே பெட்டி என்பதால், பார்ப்பது கூட்டாகவே நடந்தது.

1993: செயற்கைக்கோளில் தமிழ்

கலாநிதி மாறன் 1990-இல் 'பூமாலை' என்ற வீடியோ இதழை நடத்திப் பார்த்தார். செய்திகளையும் நேர்காணல்களையும் ஒளிநாடாவில் பதிந்து வீட்டுக்கு அனுப்பும் முயற்சி அது. அச்சு இதழின் முறையிலேயே தொலைக்காட்சியைச் செய்துபார்த்த அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் அரசு நிலையத்துக்கு வெளியே தமிழில் காட்சிச் செய்திக்கு ஆள் இருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

1991 வளைகுடாப் போரை ஒட்டி இந்திய நகரங்களில் கேபிள் பரவியது. 1992 அக்டோபரில் ஜீ டிவி இந்தியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு சன் டிவி வந்தபோது நாள் முழுவதும் ஒளிபரப்ப அதற்கு வசதியில்லை. ஏடிஎன் என்ற அலைவரிசையில் சில மணி நேரத்தை வாடகைக்கு எடுத்து, மாலை நேரத்தில் 'தமிழ்மாலை' என்ற பெயரில் நிகழ்ச்சிகளைத் தந்தது. தனியார் நிறுவனம் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அலையேற்ற அன்று அனுமதி கிடையாது. நாடாக்களை வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. வான்அலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் தனியுரிமை ஆகா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995 பிப்ரவரியில்தான்.

அதே 1993 ஆகஸ்ட் 30 அன்று சசிகுமாரும் ராஜி மேனனும் முன்னின்று தொடங்கிய ஏசியாநெட், மலையாளத்தின் முதல் தனியார் அலைவரிசையாக வந்தது. இரு மொழிகளின் தனியார் தொலைக்காட்சியும் ஐந்து மாத இடைவெளிக்குள் பிறந்தன. எல்லைப்புறத்தில் ஒரே கேபிள்காரர் ஒரே கம்பியில் இரண்டையும் கொண்டுவந்தார். மொட்டைமாடியில் ஒரு பெரிய டிஷ், கீழே ஓர் அறையில் கருவிகள், தெருக்களில் மரத்துக்கு மரம் தொங்கும் கம்பி. முதலீடு சிறியது, வாடிக்கையாளரின் முகம் தெரியும், எந்தத் தெருவில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. சன் டிவி கேரள எல்லைக்குள் நுழைந்ததன் பெருமை சென்னை அலுவலகத்தைவிட இந்த உள்ளூர் கேபிள்காரர்களையே சேரும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அரசாணையோ நிறுவனத் திட்டமோ இல்லாமல், கேட்ட வீட்டுக்குக் கேட்ட மொழியைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

1994-இல் ராஜ் டிவியும், 1999-இல் ஜெயா டிவியும் தமிழில் வந்தன. 2001-இல் ஸ்டார் நிறுவனத்தின் கைக்குப் போன விஜய் டிவி, பின்னாளில் சன் குழுமத்தின் முதன்மைப் போட்டியாளராக வளர்ந்தது.

சூர்யா டிவியும் மொழிப் பிரிவினையும்

சன் குழுமம் 1994-இல் கன்னடத்தில் உதயா டிவியையும், 1995-இல் தெலுங்கில் ஜெமினி டிவியையும் தொடங்கியது. 1998 அக்டோபரில் மலையாளத்தில் சூர்யா டிவி வந்தது. ஏசியாநெட்டுக்குப் பின் மலையாளத்தில் வந்த இரண்டாவது தனியார் அலைவரிசை இது. கேரளத்தில் தமிழ்ப் படம் விரும்பிப் பார்க்கப்படுவதை அறிந்த நிறுவனம், மலையாளியை மலையாளத்திலேயே சந்திக்க முடிவு செய்தது. வணிக நோக்கில் இது சரியான முடிவு.

எல்லைத் தமிழருக்கு இதில் ஒரு விளைவு இருந்தது. நிறுவனத்தின் கணக்கேட்டில் கேரளம் என்றால் சூர்யா, தமிழ்நாடு என்றால் சன் என்றாயிற்று. மொழியால் பிரித்த சந்தை மாநிலக் கோட்டின்மேல் பொருத்தப்பட்டது. கொழிஞ்சாம்பாறையின் தமிழ்க் குடும்பம் பார்த்தது சன் டிவி; அது வாழ்ந்ததோ சூர்யா டிவியின் சந்தையில்.

பார்வையாளர் பக்கத்தில் இது எவருக்கும் உறுத்தவில்லை. 1999 இறுதியில் தொடங்கிய ராதிகாவின் 'சித்தி', அதன் பின் 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' ஆகிய தொடர்கள் இரவு உணவு நேரத்தையே மாற்றியமைத்தன. விசுவின் 'அரட்டை அரங்கம்' சாதாரண மக்களை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. 2001-இல் வந்த கே டிவி நாளெல்லாம் படம் போட்டது. தமிழ்நாட்டில் நேற்று இரவு பார்த்த காட்சியையே மறுநாள் தேயிலைக் காட்டிலும் பேசிக்கொள்ள முடிந்தது. முன்பு ஊருக்குப் போய்த் திரும்பியவர்தான் புதிய பாட்டையும் பேச்சையும் கொண்டுவர வேண்டும். இப்போது காலதாமதமே இல்லை. இடம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் மொழி பழையதாகி உறைந்துபோகாமல் தாய்நிலத்தின் மொழியோடு சேர்ந்தே மாறியதில் இந்த அலைவரிசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளியில் மலையாளம் கட்டாயமாகிவரும் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு, அன்றாடம் காதில் விழும் பொதுத்தமிழாகவும் அது இருந்தது.

செய்தியின் திசை

சன் டிவியின் செய்தி தமிழக அரசியலோடு பின்னிப் பிணைந்தது. 1996 தேர்தலின்போது ரஜினிகாந்தின் ஆதரவுப் பேச்சை அது ஒளிபரப்பியது. 2001 ஜூன் 30 அதிகாலையில் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சிகளை மீண்டும் மீண்டும் காட்டி நாடெங்கும் அதிர்வை உண்டாக்கியது. 2007 மே மாதம் குழுமத்தின் தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து கருணாநிதி, மாறன் குடும்பங்களிடையே ஏற்பட்ட பிளவால் அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி உதயமானது.

இவை யாவும் சென்னையையும் மதுரையையும் சுற்றிய செய்திகள். மூணாற்றுத் தொழிலாளி வாக்களிப்பது கேரளச் சட்டமன்றத்துக்கு. அவருடைய கூலி, ரேஷன், பட்டா எல்லாம் திருவனந்தபுரத்தில் முடிவாகின்றன. தமிழ்ச் செய்தி அதைச் சொல்லவில்லை, மலையாளச் செய்தி அதை அவர் மொழியில் சொல்லவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்தது தான் வாக்களிக்க முடியாத மாநிலத்தின் அரசியல். குழுமத்தின் எல்லைப்புற வரலாற்றில் மிகப் பெரிய குறை இதுவே.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரம் இந்தக் குறையை ஆபத்தாக மாற்றியது. 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணை இடுக்கியில் இருக்கிறது. தமிழ்நாடு அதை இயக்குகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அதன் நீரை நம்பியிருக்கின்றன. அந்த ஆண்டு இடுக்கியில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளுக்குப் பின், மலையாளத் திரையில் அணை உடையும் அச்சமும், தமிழ்த் திரையில் நீர் போய்விடும் அச்சமும் நாள் முழுவதும் ஓடின. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் எல்லைத் தமிழர்கள்தாம். குமுளியில் போக்குவரத்து நின்றது. உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தேனிப் பக்கம் இறங்கின. அணைக்கு அருகே, அதன் கீழ்ப்பகுதியில், தமிழ் பேசும் வண்டிப்பெரியாறு மக்களும் வாழ்கிறார்கள் என்பதை இரு மொழித் திரைகளும் போதிய அளவு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அச்சத்தின் வேகம் கொஞ்சமாவது தணிந்திருக்கும்.

இந்த நிலை சற்று மாறியது 2015 செப்டம்பரில். மூணாற்றில் தோட்டத்துப் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையை மறித்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தை மலையாளச் செய்தி அலைவரிசைகள் நேரலையில் காட்டின. பெண்கள் தமிழிலேயே பேசினார்கள். கேரளம் அதைக் கேட்டது. தங்கள் மாநிலத்தின் திரையில் தங்கள் மொழியில் அவர்கள் பேசியது தமிழ் அலைவரிசைகள் செய்ய வேண்டியிருந்த வேலை. அதை மலையாள அலைவரிசைகள் செய்தன.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் இறந்தனர். மறுநாள் மாலை கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. கேமராக்கள் அங்கே திரும்பின. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கேரள அரசு 10 லட்சமும் பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 லட்சமும் அறிவித்தது கண்டனத்துக்குள்ளானது. பெட்டிமுடியில் இறந்தவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. தமிழ் அலைவரிசைகளுக்கு அந்த ஊர் உறவினரின் கண்ணீரே செய்தியானது.

டிஷ் வந்த பின்

கம்பி ஏறாத மலைச்சரிவுகளுக்குத் தமிழ்த் தொலைக்காட்சியை உண்மையில் கொண்டுசேர்த்தது நேரடி வீட்டு ஒளிபரப்பு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியது. 2007 இறுதியில் மலேசியாவின் ஆஸ்ட்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து குழுமம் தொடங்கிய சன் டைரக்ட் வந்தது. குறைந்த மாதக் கட்டணம் அதன் பலம். லயங்களின் தகரக் கூரைகளில் சிறு டிஷ்கள் வரிசையாக முளைத்தன. கூட்டாகப் பார்த்த காலம் முடிந்தது. 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு ஏற்பட்டபோது சன் டைரக்ட் சேவை தடைபட்டு, நிறுவனம் மீசாட் செயற்கைக்கோளின் துணையை நாட வேண்டியிருந்தது.

கணக்கில் வராத பார்வையாளர்

வணிகத் தொலைக்காட்சி விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரம் பார்வையாளர் கணக்கால் வாழ்கிறது. அந்தக் கணக்கை முன்பு எடுத்த டாம் நிறுவனத்தின் அளவிகள் நகரங்களில் மட்டுமே பொருத்தப்பட்டவை. தோட்ட லயமும் சித்தூர்க் கிராமமும் அதில் இல்லை. 2015-இல் பார்க் அமைப்பு பொறுப்பேற்று, அக்டோபரிலிருந்து கிராமங்களையும் சேர்த்தது. அப்போதும் தமிழ் அலைவரிசைகளின் சந்தை 'தமிழ்நாடு–புதுச்சேரி', மலையாளத்தின் சந்தை 'கேரளம்'. கேரளத்துத் தமிழ் வீடு ஒன்றில் அளவி இருந்தாலும் அது பார்க்கும் சன் டிவி கேரளக் கணக்கில் ஒரு சிறு துளியாகவே விழும். அவர்களுக்காக ஒரு செய்தியாளரை அமர்த்தவும், ஒரு நிகழ்ச்சி எடுக்கவும் நிறுவனத்துக்கு வரவு சார்ந்த காரணம் எதுவும் கிடைக்காமல் போனது இதனால்தான். அலட்சியம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அளக்கும் முறையிலேயே அந்த மக்கள் விடுபட்டிருக்கிறார்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, கட்டண அலைவரிசைகளை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். தொகுப்பில் சேர்க்கப்படும் அலைவரிசை ஒன்றின் விலைக்கு 19 ரூபாய் உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஒளிபரப்பாளர்கள் தமிழுக்கொன்று, மலையாளத்துக்கொன்று எனத் தனித்தனித் தொகுப்புகளை வகுத்தனர். முதியோருக்குத் தமிழ்த் தொடரும், மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மலையாள நிகழ்ச்சியும் வேண்டும் என்ற எல்லைப்புற வீடு இரண்டுக்கும் பணம் கட்டுகிறது. விஜய் டிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஏசியாநெட்டில் 'சாந்த்வனம்' ஆனதைப் போல, ஒரே கதையை இரு மொழியிலும் விலை கொடுத்துப் பார்ப்பதும் அங்கே நடக்கிறது. 2017-இல் குழுமம் தொடங்கிய சன் நெக்ஸ்ட் செயலி கைபேசியில் எல்லா மொழிகளையும் ஒரே சந்தாவில் தருகிறது; மலைப்பாதை வளைவுகளில் சிக்னல் கிடைக்கும் இடங்களில் இளையோர் இப்போது அதற்கு மாறிவருகிறார்கள்.