இருதோற்றச் சித்திரம்

இருதோற்றச் சித்திரமாவது, கோட்டிலும் நிறத்திலும் அணுவளவும் மாற்றம் நேராதிருக்கையிலேயே, ஒரு சமயம் ஒரு பொருளாகவும் மறு சமயம் வேறொரு பொருளாகவும் தோன்றி, இரண்டுமாய் ஒரே கணத்தில் தோன்ற இசையாத உருவம். பத்திரிகைகளில் விளையாட்டுப் புதிராக உலவி, மனோதத்துவ சாஸ்திரிகளின் ஆராய்ச்சிக்கு உரியதாகி, 'முதலில் கண்டது எது? அதுவே உமது சுபாவம்' என்று கிளி ஜோசியம் சொல்லும் நிலைக்கு இப்போது இறங்கியிருக்கும் இதனை விளங்கிக்கொள்ள விரும்புவோர், கண் மயங்கும் வகைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல், முதலில் வகை பிரித்துக்கொள்வது நலம். வகை பிரிக்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியே போதும்.

சித்திரை, வைகாசி மாதத்து உச்சிவேளையில் அக்கரிசற் காட்டு வழியே நடந்தவர் எவரும், தொலைவில் தண்ணீர் தளதளத்துக் கிடப்பதைக் கண்டு, நெருங்க நெருங்க அது எட்டிப் போவதையும் கண்டிருப்பர். தரையை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைந்துவிடுவதால், வானத்திலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளி தரையைத் தொடாமலே வளைந்து மேலேறிக் கண்ணை வந்தடைகிறது. நாம் நீரென்று காண்பது வானத்தின் ஒரு துண்டு. புகைப்படத்திலும் அது விழும். கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் ஒன்றுபோலவே தோன்றும் கானல், காண்பவர் மனத்தைக் குறித்து ஒரு சேதியும் சொல்லாது. பாவு ஒரு நிறமும் ஊடு வேறு நிறமுமாக நெய்த துணி, பிடிக்கும் கோணத்துக்குத் தக்கபடி நிறம் மாறிக் காட்டுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே என்பதை அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்துவிட்டால் விஷயம் வேறு. பொட்டலில் நிற்கும் மொட்டைப்பனை, ஆளா மரமா என்று வழிநடப்பவனைச் சற்றே நிறுத்திவிடும். இதனை நம் அளவை நூலார் ஐயம் என்றனர். குற்றியோ மகனோ என்பது அவர்கள் வழிவழியாகக் காட்டிவரும் உதாரணம். கமலை இறைத்த காலத்தில், மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனபின், பகலெல்லாம் நனைந்து கறுத்த வடம் கிணற்று மேட்டில் சுருண்டு கிடக்க, கைவிளக்கின்றி வந்தவன் அதனைப் பாம்பென்று கண்டு அலறிப் பின்வாங்குவான், இது திரிபு. ஐயத்தில் மனம் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. திரிபிலோ ஊசலாட்டமே கிடையாது; பாம்பு சந்தேகமறப் பாம்பாகவே இருக்கிறது, அடிவயிறு கலங்குவதும் மெய்யாகவே கலங்குகிறது.

கயிற்றரவு என்னும் இவ்வுவமையை வேதாந்திகள் கௌடபாதர் காலமுதல் கையாண்டு வந்திருக்கின்றனர். ஆயினும் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்திரா தரிசன இரவில் திருச்சுழியிலே பிறந்து, பின்னாளில் ரமண மகரிஷியென விளங்கிய வேங்கடராமன், அதில் ஒரு நுட்பத்தை அழுத்திக் காட்டினார். 1901, 1902-ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் வினவியவற்றுக்கு, பேசா நிலையிலிருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவான 'நான் யார்?' என்னும் சிறுநூலில், கற்பிதமான பாம்பு ஒழிந்தாலன்றி ஆதாரமான கயிறு புலனாகாது என்பது வற்புறுத்தப்படுகிறது. அதாவது, இரண்டும் ஒருங்கே காணப்படா. அவர் சொன்னது ஆத்ம விசாரணையைப் பற்றியதேயன்றிச் சித்திரப் புதிரைப் பற்றியதன்று; எனினும் இருதோற்றச் சித்திரத்தின் பிரதான லட்சணமும் இதுவே. வேற்றுமையும் ஒன்றுண்டு: கயிறு தெரிந்தபின் பாம்பு திரும்பி வருவதில்லை, சித்திரத்திலோ இரண்டும் மெய்யாதலால், போன உருவம் மறுபடி வந்துகொண்டே இருக்கும். ஆகவே இது ஐயமுமன்று, திரிபுமன்று.

ரமணரின் தந்தையார் சுந்தரமையர் காலமாகி, சிறுவன் மதுரையில் சிற்றப்பன் வீட்டுக்குச் சென்ற 1892-ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் மூனிச் நகரத்து விகடப் பத்திரிகையொன்றில் வாத்தும் முயலுமான பிரசித்த சித்திரம் வெளியாயிற்று. வாத்தின் அலகே முயலின் காது. அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் ஜோசப் ஜாஸ்ட்ரோ 1899-இல் அதனை எடுத்தாண்டு, பார்ப்பது கண் மட்டுமன்று, மனமும் கூடத்தான் என்று விளக்கினார். 1953-இல் வெளியான தத்துவ ஆசிரியர் விட்கென்ஸ்டைனின் நூல் அதனைத் தத்துவ விசாரத்துக்குள்ளும் கொண்டு சேர்த்தது.

முதலில் கண்டது சுபாவத்தைக் காட்டுமா? சூரிச் நகர விலங்குக் காட்சிசாலைக்கு வந்தவர்களிடம் இப்படத்தைக் காட்டிச் செய்த பரிசோதனை 1993-இல் பிரசுரமாயிற்று. முயலைச் சின்னமாகக் கொண்ட ஈஸ்டர் பண்டிகையன்று பெரும்பாலோர் முயலைக் கண்டனர்; அக்டோபர் மாதத்தில் வந்தவர்களிலோ பறவையைக் கண்டவரே மிகுதி. இளம்பெண்ணும் கிழவியுமான மற்றொரு படத்தைக் காட்டிய 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், இளைஞர் இளம் முகத்தையும் முதியோர் முதிய முகத்தையும் முந்திக் காணும் சாய்வு வெளிப்பட்டது. ஆக, முதற்பார்வை சொல்வது பருவத்தையும் பழக்கத்தையும் பற்றியே. அதைக் கொண்டு குணம் கணிப்பது, வடத்தைக் கண்டு அலறியவனுக்கு நாகதோஷம் என்று தீர்ப்பதை ஒக்கும். ஓர் உருவத்தை விட்டு மற்றதற்கு மாறும் இலகுவில்தான் சிறிது சாரம் இருக்கிறது. எளிதில் மாற்றிக் காண இயன்றவர்கள், கற்பனைத் திறனை அளக்கும் வினாக்களிலும் முன்னின்றதாக மனோதத்துவ ஆசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன் முதலியோர் 2011-இல் எழுதினர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ, இன்னொன்றும் உள்ளதென்று சொல்லித் தந்தாலன்றிப் பெரும்பாலும் கண்டதையே கண்டுகொண்டிருப்பர்.

தமிழ்நாட்டில் இவ்வகைக்குச் சிறந்த சாட்சி கல்லில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜன் எடுப்பித்ததும், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததுமான தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், ரிஷபகுஞ்சரம் என்னும் சிற்பம் உண்டு. ஒருபுறம் காளையின் உடல், மறுபுறம் யானையின் உடல், நடுவே இரண்டுக்கும் பொதுவாக ஒரே தலை. வழிகாட்டுவோர் ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைப்பர்; காளை நிமிர்ந்து நிற்கும். கையை மறுபக்கம் மாற்றினால், சற்று முன் காளைத் தலையாக இருந்த அதே கல் யானைத் தலையாகிவிடும். ஏர் பிடித்துப் பழகியவர் காளையை முந்திக் காணக்கூடுமென்று நமக்குத் தோன்றினும், அதை வைத்து எவரும் அவர் ஜாதகத்தைக் கணித்துவிட முடியாது. பார்ப்பவன் காளை, யானை என்று முறை வைத்துத்தான் பார்க்க இயலும். செதுக்கியவனுக்கோ அந்தத் தலையில் உளி விழுந்த ஒவ்வொரு வெட்டும் இரண்டு மிருகங்களுக்கும் பொருந்தியாக வேண்டியிருந்தது.