கள்ளுண்ணாமையும் மாணவர் உரிமையும்: தில்லி மதராசி கேம்பை முன்வைத்து

போதை விலக்கு பற்றிய தமிழ்ச் சிந்தனையை ஆராய்வோர் திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வதிகாரம் கையாளும் முதன்மையான கருவி நாணம். பெற்ற தாய்க்கே பிடிக்காத நிலை சான்றோர் முன் எத்தகையதாகும் என அது வினவுகிறது. எனினும் பொருட்பாலில் அமைந்த அவ்வறம் வளர்ந்தோரை நோக்கியது. பள்ளிச் சிறாரின் பையைச் சோதித்தல், வகுப்பின்முன் நிறுத்துதல், மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புதல் ஆகியவற்றுக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

சட்டத்தின் போக்கும் இங்குக் கருதத்தக்கது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பெரிதும் தண்டனையை மையமாகக் கொண்டது. 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையோ, போதையிலிருந்து காத்தலை 33ஆம் உறுப்பிலும் அந்தரங்கத்தை 16ஆம் உறுப்பிலும் ஒருங்கே வைத்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறார்க்குப் போதை தருவோர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது (பிரிவு 77). சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது (பிரிவு 74). தருபவன் மீது கடுமை, சிறார்க்கு மறைவு என்பதே இதன் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995லும் 2002லும் மாணவரின் சிறுநீர்ச் சோதனையை ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 14ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் கணக்கெடுப்பு, தேசியத் திட்டம், பாடத்திட்டம் என்னும் வழியைத் தேர்ந்தது.

2019இல் வெளியான அக்கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் காட்டிற்று. முகர்ந்து பயன்படுத்தும் பொருள்களில் மட்டுமே சிறாரின் விழுக்காடு (1.17) வளர்ந்தோரினும் (0.58) மிகுதி. பசை, திருத்தி மை, தின்னர் முதலிய இவை கடையில் கிடைப்பவை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாதவை. பைச் சோதனை இங்கு என்ன கண்டுபிடிக்கும்?

ஆகவே பள்ளியில் நிலைத்திருத்தலே சிறந்த காப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி நீக்கத்தைத் தடுக்கிறது (பிரிவு 16). ஆயின் அத்தடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஆபத்து மிகும் பதினான்கு வயதுக்குப் பின் பாதுகாப்பில்லை.

ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் அமைந்திருந்த மதராசி கேம்ப் இதனை வேறொரு வகையில் உணர்த்துகிறது. (அங்குப் போதைப் பழக்கம் இருந்ததெனக் கூறுவது நம் நோக்கமன்று.) பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இக்குடியிருப்பு, தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே அப்போது நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி பெற்றன. அங்குப் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றேனும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அங்கு இழப்பது பாடத்தை மட்டுமன்று. தன் இக்கட்டைத் தாய்மொழியில் சொல்லத்தக்க ஆசிரியரையும்தான்.