எல்லை ஊரில் சமூகப்பணி படிக்க வரும் பிள்ளைகளுக்கு



பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து, "சார், பி.எஸ்.டபிள்யூ. சேரலாமா?" என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கல்லூரிப் பாடத்தைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு சமூகப்பணி படிக்கிறவருக்குக் கொஞ்சம் வரலாறு கட்டாயம் வேண்டும். அதைச் சொல்லலாம்.

நம் நாட்டில் இந்தக் கல்வி 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் பள்ளியில் தொடங்கியது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி வந்தது. இரண்டுமே பெருநகரங்கள். எங்கள் கடற்கரையின் கேள்வி வேறு. இங்கே ஒரு குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால், அவர்கள் எந்த வருடம், எந்தக் காகிதத்தோடு வந்தார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

மண்டபம் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அது இலங்கை அரசு நடத்திய முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே தங்கவைத்து, நோய்த்தொற்று பார்த்து, தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்.

அந்த மக்களில் பெரும்பாலோரை 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு முடிவு செய்வது என்றார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தப்படி இங்கே வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். தாயகம் திரும்பியோர் என்று பெயர். மண்டபத்தில் இறங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டம் வரை போனார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களும் அதே மண்டபத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். ஆனால் இவர்கள் அகதிகள். இவர்களிலும் தோட்டத் தமிழர் உண்டு. அண்ணன் 1970களில் குடிமகனாக வந்திருக்கலாம். தம்பி 1984இல் அகதியாக வந்திருக்கலாம். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை.

இனி ஒரு தேதியைக் கவனியுங்கள். நம் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதர் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அவருக்குக் கைகொடுத்தது பிறந்த இடமும் தேதியும் எழுதிய சான்றிதழ். அவருக்கு இரண்டு வருடம் கழித்து அதே முகாமில் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை.

அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். களப்பணிக்குப் போகும்போது நோட்டில் வருமானம், நோய், கடன் எல்லாம் எழுதுங்கள். கூடவே ஒவ்வொருவரும் பிறந்த தேதி, பிறந்த இடம், பாட்டன் வேலை செய்த தோட்டத்தின் பெயர், டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதம் எல்லாவற்றையும் கேளுங்கள். பாட்டிமார் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை.

உங்கள் வகுப்பிலேயே முகாம் பிள்ளை ஒருவர் இருக்கலாம். பாடம் ஒன்று, தேர்வு ஒன்று, பட்டமும் ஒன்று. ஒருவருக்கு ஓட்டு உண்டு, மற்றவருக்கு இல்லை. அது ஏன் என்று விளக்கவும், எங்கே மனுக் கொடுக்கலாம் என்று சொல்லவும் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டீர்கள் என்றால், தாராளமாகச் சேருங்கள். படிப்புக்கு என் வாழ்த்துகள்.